நாடு விட்டு நாடு போகும் மாணவர் கண்காட்சி: கேள்வி பதில்

வெவ்வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களின் நுண்கலை மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சிகளை ஒருங்கிணைப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. ஓவியத்தைக் கட்டுவது, அனுப்புவது, மாட்டுவது, சேர்ந்து படைப்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்:

கேள்வி: எங்கள் துறை முதல்முறையாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்கிறது. முதலில் எதைப் பேசுவது?

படைப்புகள் எப்படித் திரும்பி வரும் என்பதை. தலைப்பு, அழைப்பிதழ், விருந்தினர் எல்லாம் அப்புறம். திறப்பு விழாவுக்கு எல்லோரும் இருப்பார்கள். இறக்கி வைக்கும் நாளில் செமஸ்டர் முடிந்திருக்கும், மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், பொறுப்பாசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். படைப்புகள் ஸ்டோர் ரூமில் கிடக்கும். யார் கட்டுவது, யார் அனுப்புவது, செலவு யாருடையது, எந்தத் தேதிக்குள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, இரு துறைத் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இன்சூரன்ஸையும் திரும்பி வரும் வழிக்கும் சேர்த்தே எடுங்கள்.

கேள்வி: கேன்வாஸைச் சுருட்டி அனுப்பலாமா மேடம்?

அனுப்பலாம்மா. வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்ட வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் உள்பக்கமாகச் சுருட்டுகிறார்கள். அப்போது வண்ணப்படலம் நெருக்குண்டு மடியும், விரிக்கும்போது உதிரும். வெளிப்பக்கம் இருந்தால் மெல்லிய விரிசல் விழுந்தாலும் விரித்ததும் மூடிக்கொள்ளும். குழாய் எவ்வளவு பருமனோ அவ்வளவு நல்லது. தடிமனாகப் பூசியதைச் சுருட்டவே வேண்டாம். எண்ணெய் வண்ணம் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும்.

பபிள் ராப் (காற்றுக் கொப்புளங்கள் உள்ள பிளாஸ்டிக் உறை) வண்ணத்தின்மேல் நேராகப் படக் கூடாது. அக்ரிலிக் வண்ணம் சூட்டில் இளகும். கொப்புளங்கள் வட்ட வட்டமாக ஓவியத்தில் பதிந்துவிடும். துடைத்தாலும் போகாது. அக்ரிலிக்குக்கு சிலிக்கான் பூசிய தாள், மற்றவற்றுக்கு கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாள், அதற்குமேல்தான் பபிள் ராப். கட்டும் முன் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை என்று படம் எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதே வரிசையில் மறுபடி எடுங்கள்.

கேள்வி: போன வருடம் எங்கள் மரப்பெட்டி சுங்கத்திலேயே நின்றுவிட்டது. ஏன்?

பெட்டியில் முத்திரை இருந்ததா என்று பாருங்கள். மரத்தோடு பூச்சிகள் நாடு கடந்துவிடக் கூடாது என்பதற்காக ஐ.எஸ்.பி.எம். 15 என்று ஒரு சர்வதேச விதி இருக்கிறது. வெப்பமுறையில் பதப்படுத்துவதென்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். அதற்கான முத்திரை பெட்டியில் வேண்டும். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. ஆனால் பிளைவுட் பெட்டிக்கு அடியில் சாதா மரக்கட்டையை வைத்து ஆணி அடித்தால் அந்தக் கட்டைக்கு உண்டு. பல பெட்டிகள் சுங்கத்தில் சிக்குவது அந்தக் கட்டையால்தான்.

இரு நாடுகளும் ஏ.டி.ஏ. கார்னெட் என்ற சுங்க ஆவண ஏற்பாட்டில் இருந்தால் உங்கள் நாட்டு வர்த்தக சபையிடம் அதை வாங்குங்கள். தற்காலிகமாகப் போய்த் திரும்பும் பொருளுக்கு வரி கட்டாமல் எல்லை கடக்க அது உதவும். அதிகபட்சம் ஓர் ஆண்டு செல்லும். பட்டியலில் 22 ஓவியம் என்றால் 22 திரும்பி வர வேண்டும். அங்கே ஆசையாக யாருக்காவது ஒன்றைப் பரிசளித்துவிட்டு வந்தால் வரிப் பிரச்சினை.

கேள்வி: ஓவியத்தின்மேல் பபிள் ராப் நேரடியாகச் சுற்றலாமா?

கூடாது. மேலே இருக்கிறது.

கேள்வி: எதற்கு இவ்வளவு பாடு? ஓவியத்தின் டிஜிட்டல் கோப்பை மட்டும் அனுப்பினால் அங்கேயே அச்சிட்டு மாட்டிவிடலாமே?

புகைப்படம், டிஜிட்டல் ஓவியம் என்றால் தாராளமாக. ஏ2 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமானால் 4961 × 7016 பிக்சல் தேவை. முதலில் ஒரு பட்டையை மட்டும் அச்சிட்டுத் தபாலில் வாங்கிப் பார்த்துவிட்டு மீதிக்குச் சம்மதம் சொல்லுங்கள். ஆனால் எண்ணெய் வண்ண ஓவியத்தின் அச்சு, ஓவியம் அல்ல. மேடும் பள்ளமும் பக்கவாட்டு வெளிச்சமும் அதில் வராது.

கேள்வி: அப்படியானால் அனுப்பக் காசில்லாத கல்லூரி மாணவர்கள் சேரவே கூடாதா? நீங்கள் சொல்வது நியாயமில்லை மேடம்.

தம்பி, உங்கள் கோபம் சரிதான். கூரியர் எடை மட்டும் பார்ப்பதில்லை. 100 × 80 × 15 செ.மீ. பெட்டி என்றால் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து 24 கிலோ என்று கணக்குப் போடுவார்கள், உள்ளே 4 கிலோதான் இருந்தாலும்.

அதனால்தான் முடிந்த ஓவியத்தை அனுப்பும் பழக்கத்தையே விடச் சொல்கிறேன். அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் 1968-இல் சுவர் ஓவியங்களைத் தொடங்கினார். பிறகு அவற்றைக் குறிப்பாக எழுதித் தந்தார், பெரும்பாலும் வரைந்தவர்கள் வேறு ஆட்கள். கண்காட்சி அமைப்பாளர் ஹான்ஸ் உல்ரிச் ஓப்ரிஸ்ட் 1993-இல் தொடங்கிய கண்காட்சித் தொடரில் கலைஞர்கள் தந்தது செய்முறைக் குறிப்புதான். ஒவ்வோர் ஊரிலும் புதிதாகச் செய்தார்கள். அமெரிக்கக் கலைஞர் ரே ஜான்சன் தபாலிலேயே கலை செய்தார். ஒரு தாளின் பாதியை வரைந்து உறையில் போடுங்கள், மறுபாதியை அங்கிருக்கும் மாணவர் வரையட்டும். தபால் செலவுதான். இரண்டு கல்லூரிகளின் ஓவியங்கள் ஒரே கூடத்தில் தொங்கினால் கூட்டுக் கண்காட்சி ஆகிவிடாது. இருவர் கையும் ஒரே தாளில் பட்டால் ஆகும்.

கேள்வி: சிற்பத் துறையில் கற்பிக்கிறேன். குறிப்பு எழுதி அனுப்பினால் மாணவரின் கைத்திறன் எங்கே போயிற்று? சோம்பலுக்கு இது நல்ல சாக்கு.

சார், நான் மறுக்கிறேன். "ஒரு கோடு வரை" என்று எழுதுவது சோம்பல். எந்தப் பென்சில், எவ்வளவு அழுத்தம், எங்கே நிறுத்த வேண்டும் என்று முன்பின் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தன் கை என்ன செய்கிறது என்றே மாணவருக்கு அப்போதுதான் தெரியும். களிமண் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் சொல்வது லேசான வேலையா? இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: முதலாண்டு மாணவர்களுக்கு இது வேண்டாம். கை பழகட்டும்.

கேள்வி: இருவர் சேர்ந்து வரைந்தது யாருக்குச் சொந்தம்?

வரையும் முன் எழுதிக்கொள்ளுங்கள். பெயர்ச்சீட்டில் இரு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். படைப்பாளியாக அடையாளம் பெறும் உரிமையை பதிப்புரிமை பற்றிய சர்வதேச பெர்ன் உடன்படிக்கையே தருகிறது. தாள் கடைசியில் எந்த நாட்டில் இருக்கும் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: 'அடையாளம்' என்ற தலைப்பு எப்படி?

வேண்டாம், எதை வரைந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். தலைப்புக்குப் பதில் ஒரு கட்டுப்பாடு கொடுங்கள்: எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், மூன்றே வண்ணம்.

கேள்வி: விசா, உதவித்தொகை?

பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: முதலில் எதைப் பேசுவது என்று சொல்லுங்களேன்.

திரும்பி வருவதை. முதல் பதிலைப் படியுங்கள், தயவுசெய்து.

கேள்வி: இரு பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனிச் சுவர் ஒதுக்கலாமா?

ஒதுக்காதீர்கள். கலந்து மாட்டுங்கள். ஓவியத்தின் நடு தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நீர்வண்ணம், பென்சில் தாள்கள் எல்லாம் ஒரு பக்கமாக வரட்டும். அங்கே வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது.