களிமண் தோட்டத்தில் செயற்கைப் புல்: முதலில் தண்ணீருக்கு வழி

வணக்கம். மழை விட்டு இரண்டு மூன்று நாளாகியும் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் தண்ணீர் வற்றுவதில்லை என்றும், குழந்தைகள் விளையாட அங்கே செயற்கைப் புல் விரிக்க எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மேல்மண்ணைச் சுரண்டி மணல் பரப்பினால் போதும் என்கிறார் ஓர் ஒப்பந்தக்காரர். வடிகால் இல்லாமல் வேலையைத் தொடமாட்டேன் என்று மற்றொருவர் ஏறக்குறைய இரு மடங்கு கேட்கிறார். புதிதாக வந்த நாட்டில் யாரை நம்புவது என்பது உங்கள் கேள்வி. இரண்டாமவர் சொல்வதே சரி. ஆனால் அவர் கேட்கும் அத்தனையும் உங்கள் தோட்டத்துக்குத் தேவையா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பே நீங்கள் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

புல் விற்பவர்கள் "இதில் தண்ணீர் நிற்காது" என்று சொல்வது பொய்யல்ல. விரிப்பின் அடியில் துளைகள் இருப்பதால் தண்ணீர் உடனே கீழே இறங்கிவிடும். இறங்கிய பிறகு அது எங்கே போகும் என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டரை விடச் சிறியது. அவற்றுக்கு இடையிலுள்ள நுண்வெளிகள் வழியாக ஒரு மணி நேரத்தில் 1 முதல் 5 மில்லிமீட்டர் அளவு தண்ணீர்தான் உள்ளே இறங்கும். அத்தகைய மண்ணில் பள்ளம் வெட்டி மணலை நிரப்பினால், தொட்டி கட்டி அதில் மணலைக் கொட்டியதற்குச் சமம். மேலே பச்சையாகத் தெரியும், மிதித்தால் சதசதவென்று அமுங்கும். நாய் வளர்த்தால் வெயில் காலத்தில் வரும் நாற்றத்தைச் சொல்லவே வேண்டாம்.

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன், நல்ல மழையின்போது குடையுடன் வெளியே நின்று தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதுவே 1,000 லிட்டர். கூரைக் குழாய் தோட்டத்தில் வாய் திறந்திருந்தால், தேங்குவதில் பெரும்பகுதி உங்கள் கூரையிலிருந்தே வந்ததாக இருக்கலாம். அந்தக் குழாயை முறையான மழைநீர் வடிகாலுடன் இணைத்துவிட்டு, அடுத்த மழைக்குப் பிறகு நிலைமையைப் பார்த்து மற்றச் செலவைத் தீர்மானிப்பது நல்லது.

அதன்பின் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஒரு முறை ஊறவிடுங்கள். மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியில் அளவு குறித்து, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இறக்கம் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டவில்லை என்றால் மண் உறிஞ்சிக்கொள்ளும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். தண்ணீரை நாமே வெளியே கொண்டுபோக வேண்டும். இதே காரணத்தால், கல் நிரப்பிய உறிஞ்சுகுழி போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். களிமண்ணில் அது ஒரே மழையில் நிரம்பி அப்படியே நிற்கும்.

வெளியே கொண்டுபோவதில் முதல் பங்கு வாட்டத்துக்கு, அதாவது தரையின் சரிவுக்கு. தரை வீட்டிலிருந்து விலகி மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சரிய வேண்டும். இந்த வாட்டத்தைக் களிமண் மட்டத்திலேயே அமைக்க வேண்டும். அடியில் பள்ளமும் மேடுமாக விட்டுவிட்டு மேலே கல்லைப் போட்டுச் சமன் செய்தால் தண்ணீர் அந்தப் பள்ளங்களில் தங்கும். சரிவு முடியும் தாழ்ந்த ஓரத்தில் கால்வாய் வெட்டி, ஜியோடெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) உட்புறம் விரித்து, கழுவிய ஜல்லிக்கு நடுவில் 100 மில்லிமீட்டர் துளைக் குழாயைப் பதித்து, துணியை மேலே மடித்து மூடுவார்கள். குழாயின் துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், ஏனெனில் கால்வாயில் தண்ணீர் அடியிலிருந்துதான் மேலேறும். குழாய்க்கும் 100க்கு 1 என்ற அளவிலாவது வாட்டம் வேண்டும்.

அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதுதான் ஒப்பந்தக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பக்கத்து வீட்டு நிலத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவதும், அனுமதியின்றிக் கழிவுநீர்க் குழாயில் இணைப்பதும் வழக்கில் கொண்டுபோய் விடக்கூடியவை. உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி மின்கம்பி, எரிவாயுக் குழாய் ஆகியவை எங்கே ஓடுகின்றன என்பதையும் தோண்டுவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.

அடித்தளத்துக்கு வருவோம். களிமண்ணுக்கு மேல் மீண்டும் துணி; அது இல்லாவிட்டால் மண் மெல்ல மேலேறிக் கல்லின் இடுக்குகளை அடைத்துவிடும். அதன்மேல் 75 முதல் 100 மில்லிமீட்டர் கனத்துக்குத் தூள் கலவாத உடைகல், அதற்கு மேல் 20 மில்லிமீட்டர் கனத்துக்குக் குருணைக் கல். தூள் கலந்த ஜல்லி விலை குறைவு, இறுக்கமாகவும் படியும். அந்த இறுக்கமே தண்ணீருக்குத் தடையாகிவிடும். முடிந்த தளம் வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்பு வரிக்கு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) 150 மில்லிமீட்டராவது கீழே இருக்கட்டும்.

வேலையை ஈர மண்ணில் தொடங்க விடாதீர்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். மெல்லிய திரியாக நீண்டால் இன்னும் ஈரம் அதிகம், உருளாமல் உதிர்ந்தால் தோண்டலாம். ஈரக் களிமண்ணில் தரையை இறுக்கும் அதிர்வு எந்திரத்தை ஓட்டினால், அதில் இருக்கும் கொஞ்சநஞ்ச நுண்துளைகளும் மெழுகிப் போகும்.

இவை அனைத்தும் புல்லுக்கு அடியில் மறையும் வேலைகள் என்பதால், துணி, கல்லின் வகை, கனம், வாட்டம், குழாயின் முடிவிடம் ஆகியவற்றை மதிப்பீட்டுத் தாளில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுதித் தரத் தயங்குபவரைத் தவிர்ப்பதே என் யோசனை. கல் பரப்பி இறுக்கிய அன்று மேல் ஓரத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தாழ்ந்த பக்கம் போய் நில்லுங்கள். வெளிவாயில் தண்ணீர் வருவதைக் கண்ணால் கண்ட பிறகு புல்லை விரிக்கச் சொல்லலாம்.