செதிலில் 14, செவிக்கல்லில் 23: எதை நம்புவது?

வணக்கம். அண்டார்க்டிகாவை ஒட்டிய ராஸ் கடலில் பிடித்த ஒரு அண்டார்க்டிக் டூத்ஃபிஷ் மீனின் வயதைக் கணிக்க வளர்ச்சி வளையங்களை எண்ணினால், அதே மீனுக்குச் செதிலில் 14 வளையமும் செவிக்கல்லில் (உள்காதிலுள்ள சிறு சுண்ணாம்புக் கல்) 23 வளையமும் வருகிறது, எதை நம்புவது என்று எழுதியிருந்தீர்கள். தயங்காமல் செவிக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மீன் முதிர்ந்து நீள வளர்ச்சி மந்தமானதும் செதில் வளர்வதும் ஏறக்குறைய நின்றுவிடும். ஓர வளையங்கள் நெருங்கிப் பிரித்தறிய முடியாமல் போகும். உதிர்ந்து மறுபடி முளைத்த செதிலில் இளமைக்கால வளையங்களே இருக்காது. செவிக்கல் அப்படியில்லை. மீன் நீளாத ஆண்டுகளிலும் அதன் உட்பக்கம் தடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் முழுக் கல்லை மேலாகப் பார்த்து எண்ணினாலும் வயது குறைந்துவிடுகிறது. கல்லைச் சுட்டு, பிசினில் பதித்து, மையக்கரு (கல் வளரத் தொடங்கிய நடுப்பகுதி) வழியாகக் குறுக்கே வெட்டி எண்ணுங்கள். வெட்டு மையம் தவறினால் முதல் வளையங்கள் குழம்பிவிடும், பெரும்பாலான சண்டை அங்கேதான் வரும்.

எண்ணும்போது மீனின் நீளம் உங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தானாகவே "பொருத்தமான" எண்ணைத் தேடும்.

வளையம் ஆண்டுக்கு ஒன்றுதானா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. செவிக்கல்லின் மையத்தில் ரேடியம்-226 சிதைந்து ஈயம்-210 சேர்கிறது. ஈயம்-210-இன் அரை ஆயுள் (பாதி சிதைய எடுக்கும் காலம்) சுமார் 22 ஆண்டு. ரேடியத்துக்கு ஈயம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்பது கல்லின் வயதைக் காட்டும்; அதை அளந்து இதே இனத்தில் ஏறத்தாழ 40 வயது வரை வளைய எண்ணிக்கையைச் சரிபார்த்திருக்கிறார்கள்.

அப்புறம், வளர்ச்சி வளைகோடு (வயதுக்கு ஏற்ப நீளம் கூடுவதைக் காட்டும் கோடு) போடுமுன் சிறிய மீன்களையும் சேருங்கள். ஆழத்தில் போடும் தூண்டில் கயிறுகளில் குஞ்சுகள் அரிதாகவே சிக்கும்; அவை இல்லாவிட்டால் வளைகோட்டின் தொடக்கம் வெறும் ஊகம்தான்.