கிளட்ச் மிதிக்கும் ஆசைக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 39. மனைவி, 8 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அலுவலகம் போய்வர தினம் 40 கி.மீ., பெரும்பாலும் நெரிசல். பழைய காரை மாற்றியாக வேண்டும். இடவசதியான ஒரு ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) குடும்பக் கார், கிட்டத்தட்ட அதே விலையில் மேனுவல் கியர் டொயோட்டா ஜிஆர்86, இரண்டில் எது என்று குழப்பம். கியர் போட்டு ஓட்டும் ஸ்போர்ட்ஸ் கார் என் நெடுநாள் ஆசை. விலையில் 80 சதவீதம் கடன், 7 ஆண்டுத் தவணை. எதை வாங்கலாம்?

பதில்: ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பணத்துக்குக் கேடு என்று நான் அதட்டுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். கணக்கு அப்படி வரவில்லை.

புதுக் காரில் பெரும்பாலும் அதிகப் பணத்தைத் தின்பது பெட்ரோல் இல்லை, மதிப்பு இறக்கம்தான், அதாவது வருடம் ஏற ஏற வண்டியின் விலை குறைவது. மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. 2024-இல் புதுப்பித்து வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ என்ற ஸ்போர்ட்ஸ் வகைக் காரில்கூட மேனுவல் கியர் கிடையாது. தேடுகிற ஆள் இருந்து, புது வண்டி வரத்து குறைந்தால், பழைய வண்டியின் விலை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. இந்த ஒரு செலவில் உங்கள் ஆசைக்கார் முந்தவும் வாய்ப்புண்டு.

மற்ற செலவுகளில் பின்தங்கும். காப்பீட்டு பிரீமியம் பெரும்பாலும் கூடுதல். பிடிமானம் அதிகமுள்ள மென்மையான டயர் சீக்கிரம் தேயும். நெரிசலில் அரை கிளட்ச்சில் ஊர்ந்தால் கிளட்ச் தட்டும் அப்படியே. மேனுவல் என்றால் மைலேஜ் கூடும் என்பது பழைய கதை. நின்று நின்று போகும் சாலையில், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கை ஹைப்ரிட் பேட்டரியில் சேர்த்துக்கொள்கிறது. உங்கள் 40 கி.மீ. அதற்கென்றே அமைந்த பாதை.

வேகத்துக்காகவா? டொயோட்டாவே சொல்லும் கணக்குப்படி மேனுவல் ஜிஆர்86 நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 6.3 விநாடி. அதே நிறுவனத்தின் ராவ்4 பிளக்-இன் ஹைப்ரிடுக்கு (வெளியிலிருந்தும் சார்ஜ் போடக்கூடிய ஹைப்ரிட்) 6 விநாடி, அதுவும் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகிற வண்டி! ஆக நீங்கள் காசு கொடுப்பது வேகத்துக்கு இல்லை. எடை குறைந்த வண்டி வளைவில் திரும்பும் விதத்துக்கும், சரியான நேரத்தில் கியர் விழும் அந்தச் சுகத்துக்கும். அதைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் வாரத்தில் எத்தனை மணி நேரம் அது கிடைக்கும்? நெரிசலில் முதல் கியரும் இரண்டாம் கியரும்தான்.

எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது பின் இருக்கைதான். ஜிஆர்86-க்குக் கதவு இரண்டே. பின்னால் இருக்கை என்று இருக்கிறது, அவ்வளவுதான். 4 வயதுக் குழந்தையை அங்கே உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட தினமும் குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நானும் இரண்டு கதவுக் கார் வைத்திருந்தவன். 8 வயதுப் பிள்ளை வளர்ந்தால்? அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக்கு இன்னொரு கார் வந்து நிற்கும். அதற்கும் காப்பீடு, சர்வீஸ், நிறுத்த இடம். அந்த இரண்டாவது காரையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

அப்புறம் கடன். எந்தக் காராக இருந்தாலும் 7 ஆண்டு வேண்டாம். விலையை 100 என்று வைத்து, 80-ஐ 9 சதவீத வட்டிக்கு வாங்கினால், 7 ஆண்டில் வட்டி மட்டும் சுமார் 28. அதையே 4 ஆண்டில் அடைத்தால் 15.5 போல. நீண்ட தவணையில் அசல் மெதுவாகக் குறையும், காரின் விலையோ வேகமாக இறங்கும். நடுவில் விற்க நேர்ந்தால் கைக்காசு போட்டுக் கடனை மூட வேண்டிவரலாம். 4 ஆண்டுத் தவணை கட்டுபடியாகவில்லை என்றால் அந்தக் கார் உங்கள் வருமானத்துக்குப் பெரியது.

என் யோசனை: குடும்பக் காரை, அதிலும் நடுத்தர வகையை வாங்குங்கள். பெரிய சக்கரம், ஸ்போர்ட் என்ற பட்டை ஒட்டிய உயர்வகைக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மறுவிற்பனையில் அந்தப் பணம் முழுதாகத் திரும்பாது. மிச்சமாவதைத் தனிக் கணக்கில் மாதாமாதம் போட்டுவாருங்கள். கடன் முடிந்த பிறகு, சேர்ந்த பணத்தில் பழைய மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கடனில்லாமல் வாங்கலாம். முதல் சில ஆண்டுகளின் பெரிய இறக்கத்தை வேறொருவர் சுமந்திருப்பார்.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால், ஹோண்டா சிவிக் டைப் ஆர் போல ஐந்து கதவும் மேனுவல் கியரும் உள்ள காரைப் பாருங்கள். விலை கூடுதல்தான், இரண்டாவது கார் தேவைப்படாது. எதுவானாலும் டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுக்காதீர்கள். நீங்கள் அலுவலகம் கிளம்பும் நேரத்தில், அதே சாலையில், பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எடுங்கள்.