அலாஸ்கா கிழக்கிலும் கடைசி மாநிலமா?

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கடைசி மாநிலம் எது என்ற கேள்விக்கு அலாஸ்கா என்று நீங்கள் சொன்ன விடை சரிதான். ஐக்கிய அமெரிக்காவில் வடக்கு, மேற்கு மட்டுமல்ல, நெடுங்கோட்டுக் கணக்கில் கிழக்கிலும் கடைசி மாநிலம் அலாஸ்காதான். யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையப் பொது அறிவுப் போட்டியில் உங்களுக்குப் புள்ளி வெட்டியவர், அலாஸ்காவைச் சேர்ந்த அலூசியன் தீவுகளைக் கவனிக்காமல், கிழக்குக் கரையிலுள்ள மேய்ன் மாநிலம்தான் என்று முடிவெடுத்திருப்பார்.

அந்தத் தீவுத்தொடர் 180 பாகைக் கோட்டைத் தாண்டிப் போகிறது. தாண்டியதும் மேற்கு நெடுங்கோடு முடிந்து கிழக்கு நெடுங்கோடு தொடங்கிவிடும். அத்தொடரிலுள்ள செமிசோபோச்னாய் தீவு கிட்டத்தட்ட 179 பாகை 46 கலை கிழக்கு. நம் யாழ்ப்பாணமும் அதே கிழக்குக் கணக்கில்தான், 80 பாகை கிழக்கு. எவ்வளவு அழகான விசயம்!

பூகோள உருண்டையில் அவருக்கே காட்டுங்கள். நாள் மாறும் எல்லையான திகதிக்கோட்டைப் பார்க்க வேண்டாம், அது அங்கே மேற்கே வளைந்து போகும்.

ஆனால் கேள்வியில் 'நெடுங்கோட்டின்படி' என்று இல்லாவிட்டால் மேய்னுக்கும் புள்ளி கொடுக்கத்தான் வேண்டும்.