தரங்கம்பாடியில் பூர்வீகம் தேடலாமா?

கேள்வி: டேனிஷ்காரர் காலத்திலேயே எங்கள் முன்னோர் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்றதாகப் பாட்டி சொல்கிறார். எங்கிருந்து தேடத் தொடங்குவது?
- வாசகி, திருச்சி

பதில்: பாட்டி இருக்கிறாரே, முதலில் அவரிடமே உட்காருங்கள். வீட்டுப் பழைய பைபிளின் முன்பக்கத்தில் பிறப்பு, கல்யாணம் எல்லாம் மையில் எழுதியிருக்கலாம், அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சபைப் பதிவேடு. 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம் டேனிஷ்காரர்களுக்கானது. தமிழ்ச் சபைக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1718-இல் கட்டியது புதிய எருசலேம் ஆலயம், உங்களுக்கு வேண்டியது இதுதான். குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஞானஸ்நானத்தில் பெயரே மாறியிருக்கும் என்பதால் அப்பா பெயர், ஊர், வருடம் மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

மிஷனரிகளின் கடிதங்கள் ஜெர்மனியில், ஹாலே நகரத்து ஃபிராங்கே அறக்கட்டளையில் இருக்கின்றன. டேனிஷ் நிர்வாக ஆவணங்களுக்குக் கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகம். பழைய கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், படிக்கத் தெரிந்தவர் துணை கட்டாயம் வேண்டும். 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள், அதற்குப் பிந்தைய நில விவகாரம் என்றால் சரி, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.