சர்வதேசச் சட்டம் படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்த உங்கள் மகள், மனித உரிமைச் சட்டமும் போருக்குப் பின்னான நீதியும்தான் தன் துறை என்று சொன்ன நாளிலிருந்து உறக்கம் வரவில்லை என எழுதியிருந்தீர்கள். இதைப் படித்தால் பிழைக்க முடியுமா, ஆபத்தான இடங்களுக்கு அனுப்பிவிடுவார்களா என்ற உங்கள் இரண்டு கேள்விகளும் நியாயமானவை. அவற்றுக்குப் பதில் சொல்லும் முன், அந்த வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை ஒரு வழக்கைக் கொண்டு காட்ட விரும்புகிறேன்.

1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களில் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அமைத்த தீர்ப்பாயம் தான்சானியாவின் அருஷா நகரில் இயங்கியது. தாபா என்ற ஊராட்சியின் தலைவராக இருந்த அகயேசு மீதான குற்றப்பத்திரிகையில் முதலில் பாலியல் வன்கொடுமை இடம்பெறவே இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு பெண் தன் சிறு மகளுக்கு நேர்ந்ததைக் கூறியபோதுதான் அது வெளிப்பட்டது. மூவர் அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதியான நவநீதம் பிள்ளை அதைப் பற்றி மேலும் கேட்டார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒருவரைக் குற்றவாளி என ஒரு சர்வதேச நீதிமன்றம் அறிவித்த முதல் தீர்ப்பு. பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைச் செயலாக அமையலாம் என்று அது வரையறுத்தது.

அந்தத் தீர்ப்பில் என்னை எப்போதும் நிறுத்திவிடும் பகுதி, சில ருவாண்டச் சொற்களின் பொருளை நீதிபதிகள் பொறுமையாக ஆராயும் பகுதிதான். கரப்பான்பூச்சி என்று பொருள்படும் ‘இன்யென்சி’ என்ற சொல் அந்த ஆண்டில் யாரைக் குறித்தது, வன்புணர்ச்சியைச் சாட்சிகள் எந்தெந்தச் சொற்களால் மறைத்தும் மறைக்காமலும் சொன்னார்கள் என்பதையெல்லாம் எடைபோட்ட பிறகே சாட்சியத்தை ஏற்கிறார்கள். உங்கள் மகள் தமிழ்வழியில் படித்தவள் என்பதை ஒரு குறைபோல எழுதியிருந்தீர்கள். நான் அப்படிக் கருதவில்லை. 2021-இல் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் 46/1 தீர்மானத்தின்படி, இலங்கையில் நடந்த மனித உரிமை மீறல்கள் தொடர்பான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பணி ஜெனிவாவில் தொடங்கியது. தமிழில் சொல்லப்பட்ட ஒரு வாக்குமூலத்தின் வட்டார வழக்கையும், சொல்லாமல் விட்ட இடத்தையும் அறிந்தவர்கள் இத்தகைய பணிகளுக்குத் தேவை. அதனுடன் தெளிவான ஆங்கில எழுத்தும், முடிந்தால் பிரெஞ்சும் சேர வேண்டும். நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பணிமொழிகள் இவ்விரண்டுமே.

நவநீதம் பிள்ளையின் பாதையையும் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாக, தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 1967-இல் அங்கேயே சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்து, நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்களுக்காக ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் வாதாடிய பிறகே அருஷாவுக்குச் சென்றார். ஆகவே பட்டம் பெற்றவுடன் ஹேக்குக்குப் போகலாம் என்ற நினைப்பை உங்கள் மகளிடமும் நான் ஊக்குவிக்க மாட்டேன்.

முதலில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ நுழைவுத் தேர்வெழுதி திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேரலாம். அது கைகூடாவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் அரசு சட்டக் கல்லூரி கிடைத்தாலும் தயங்காமல் சேருங்கள். படிக்கும்போதே ‘ஜெசப்’ எனும் சர்வதேசச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டியில் பங்கெடுப்பதும், மனித உரிமை ஆணையத்தில் குறுகிய காலப் பயிற்சி பெறுவதும் நல்லது. பின்னர் பார் கவுன்சிலில் பதிவு செய்து, இரண்டு மூன்று ஆண்டுகளாவது கீழமை நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கட்டும். குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சி தடுமாறுவதை நேரில் பார்த்துக் கற்பது வேறெங்கும் கிடைக்காது. அதற்குப் பிறகு நெதர்லாந்தின் லெய்டனிலோ ஜெனிவாவிலோ முதுகலைப் படிப்பு. பிரிட்டனில் முதுகலை படிக்க விரும்பினால், அதற்கான செவெனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்பதால், ஜூனியராகக் கழித்த காலம் அங்கும் கைகொடுக்கும்.

பிழைப்பைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். ஐ.நா. அமைப்புகள் பலவற்றில் பயிற்சிப் பணிக்குச் சம்பளம் கிடையாது. தீர்ப்பாயங்கள் நிரந்தரமானவையும் அல்ல. ருவாண்டா தீர்ப்பாயம் 2015 இறுதியில் மூடப்பட்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ஒப்பந்தமான ரோம் சட்டத்தில் இந்தியா இணையாததால் நம் நாட்டில் அத்துறை நேரடியாக வளரவில்லை. இந்த இடைவெளிகளில் அவளைக் காப்பது வழக்கறிஞர் தொழில்தான் என்பதாலேயே அதை முதலில் வைத்தேன்.

ஆபத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான வேலை கோப்புகளோடும் மொழிபெயர்ப்புகளோடும் மேசையில்தான் நடக்கிறது. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு: ஆண்டுக்கணக்கில் பிறர் துயரைக் கேட்பவரின் மனம் களைத்துப்போகும். அப்போது மகள் வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தால், வேலையை விடு என்று சொல்லாமல் அருகில் உட்காரக்கூடியவராக நீங்கள் இருக்க வேண்டும்.

இந்த விடுமுறையில் அவளை ஒரு வாரம் உங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று, பார்வையாளர் இருக்கையில் நீங்களும் உடன் அமருங்கள். மாலையில் வீடு திரும்பியதும், அன்று பேசிய ஒரு சாட்சியின் வார்த்தைகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்களோடு இருவரும் என்னை வந்து பாருங்கள். எந்தக் கல்லூரி என்பதை அப்போது முடிவு செய்வோம்.