வயிறு கலங்கும் திங்கட்கிழமை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் வாரம் ஒருமுறை தியான வகுப்பு நடக்கிறது. மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு செயலியும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒழுங்காகப் பின்பற்றுகிறேன். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் வயிறு கலங்குவது நிற்கவில்லை. சம்பளத்தில் குறையில்லை, மேலாளர் கத்துகிறவரும் இல்லை. அப்படியானால் கோளாறு என் மனசில்தானா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை இடம் கருதி இங்கே வெளியிடவில்லை. ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. உங்கள் அறிக்கையை மேலாளர் காரணம் சொல்லாமல் மூன்று முறை திருப்பி அனுப்பினார். நீங்கள் பேசும்போது கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலை ஆறு மணிக்கு, 'காலைக்குள் வேண்டும்' என்று மின்னஞ்சல் அனுப்பினார். இவ்வளவையும் எழுதிவிட்டு, "சின்ன விஷயங்கள்தான்" என்று நீங்களே தள்ளுபடியும் செய்துவிட்டீர்கள். நான் செய்ய மாட்டேன்.

பதவியில் மேலே இருப்பவருக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று நாம் நினைக்கிறோம். மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளரின் தலைமையிலான குழு 1985-ல் தொடங்கி, லண்டனில் பிரிட்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரின் உடல்நிலையைப் பல ஆண்டுகள் கவனித்தது. இதய நோய் அதிகம் வந்தது கீழ்ப்படிகளில் இருந்தவர்களுக்கு. அவர்கள் யாரும் வேலையற்றவர்களோ, மருத்துவ வசதி எட்டாதவர்களோ அல்ல. புகை, உணவு போன்ற காரணங்களைக் கழித்த பிறகும் வித்தியாசம் மிஞ்சியது. அதற்கு ஒரு முக்கியக் காரணம், தன் வேலையை எப்படி, எந்த வேகத்தில் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை கையில் இல்லாதது. ஆறு மணி மின்னஞ்சல் பறிப்பதும் அந்த உரிமையைத்தான்.

திரும்பி வந்த அறிக்கைக்கு வருவோம். டெரசா அமாபிலே என்ற ஆய்வாளர் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரை நாள்தோறும் குறிப்பு எழுதவைத்தார். ஏறக்குறைய 12,000 குறிப்புகள் சேர்ந்தன. நல்ல நாள் என்று எழுதிய நாட்களில் அதிகம் தென்பட்டது, செய்கிற வேலை ஓர் அடியாவது நகர்ந்த செய்தி. வேலை தடைப்பட்ட நாளின் வாட்டமோ, நகர்ந்த நாளின் சந்தோஷத்தைவிடப் பலமாக இருந்தது. காரணம் தெரியாமல் அறிக்கை மூன்று முறை திரும்பினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். (இதை எழுதும்போது, உதவி ஆசிரியர் ஒருவரின் கட்டுரையை 'சரியில்லை' என்ற ஒரே சொல்லோடு நான் திருப்பி அனுப்பியது நினைவுக்கு வருகிறது. நாளை காரணத்தை எழுதிக் கொடுக்கிறேன்.)

அப்புறம், தியான வகுப்பு. தியானத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2024-ல் வந்தது. இப்படிப்பட்ட வகுப்பு, செயலி, பயிற்சிகளில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் நீச்சல் கற்றுக்கொடுக்கிறது உங்கள் நிர்வாகம். நீங்களும், நீச்சல் வரவில்லையே என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள்.

வயிற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம், மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கூடவே இரண்டு வாரம், எப்போது கலங்கியது, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது என்று ஒரு வரி குறித்துவையுங்கள். மேலாளர் கெட்டவர் இல்லை என்கிறீர்கள், நல்லது. அப்படியானால் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அறிக்கையைத் திருப்பும்போது எந்த இடம் சரியில்லை என்று ஒரு வரி எழுத முடியுமா?" எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால், அவர் உங்களை இன்னொரு வகுப்புக்கு அனுப்பிவிடுவார்.

தியான வகுப்பு முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுப்பார்கள் இல்லையா? அதில் ஆறு மணி மின்னஞ்சலைப் பற்றி எழுதுங்கள்.